அமெரிக்க மாநிலங்களில் முதுமைப் பராமரிப்புக் காப்பீடு: சொல்லும் விலையும்

நம் ஊர்களில் 'நர்சிங் ஹோம்' என்னும் பெயர்ப்பலகை பத்துப் பன்னிரண்டு படுக்கைகளைக் கொண்ட சிறு தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். மகப்பேற்றுக்கும் குடல்வால் அறுவைக்கும் அங்குச் செல்கிறோம். சில நாள்களில் வீடு திரும்புகிறோம். இதே சொல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முற்றிலும் வேறு பொருளைத் தருகிறது. நோய் தீர்ந்து திரும்பும் இடமன்று அது. தாமாக எழவும் குளிக்கவும் உண்ணவும் இயலாத முதியோர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கிப் பிறர் கையால் பராமரிக்கப்படும் இல்லம் அது. அவ்வில்லத்தில் ஓராண்டு தங்குவதற்கு இன்று ஆகும் செலவு அந்நாட்டின் பல பகுதிகளில் 1 இலட்சம் டாலரைத் தாண்டும். வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பை இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைத்துவிடக்கூடிய தொகை இது.

இச்செலவை யார் ஏற்பது? அங்குள்ள முதியோருட் பலர், 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தம்மைக் காக்கும் என்று நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது. மெடிகேர் நோயைத் தீர்க்கப் பணம் தருமேயன்றி முதுமையைத் தாங்கப் பணம் தராது. மருத்துவமனையில் மூன்று நாளேனும் உள்நோயாளியாக இருந்து, அதன்பின் தேர்ந்த செவிலியர் கவனிப்புத் தேவைப்படுமாயின், 100 நாள் வரைக்கும் அத்திட்டம் துணை நிற்கும். அதிலும் முதல் 20 நாளுக்குத்தான் முழுச் செலவு. பிறகு நாள்தோறும் முதியவரும் பங்கு தருதல் வேண்டும். வறியோர்க்கான மெடிகெய்ட் என்னும் மற்றொரு திட்டம் நெடுங்காலப் பராமரிப்பை ஏற்கிறது. ஆனால் அதன் வாயிலில் நுழைய, கையிருப்பு ஏறத்தாழ முழுவதும் செலவழிந்திருக்க வேண்டும். தனித்து வாழும் முதியவரிடம் எஞ்சியிருக்கலாம் என்று பல மாநிலங்கள் விதித்துள்ள வரம்பு சுமார் 2,000 டாலர்தான். முதியவர் மறைந்தபின், அவருக்காகச் செலவிட்ட தொகையை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநிலங்கள் மீட்க முயல வேண்டும் என 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பணிக்கிறது.

செல்வர்க்குக் கவலையில்லை, வறியவர்க்கு மெடிகெய்ட் உண்டு. இடைப்பட்டோர் அஞ்சினர். அவ்வச்சத்திலிருந்து பிறந்ததே நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீடு. ஐம்பது, அறுபது வயதில் ஒருவர் இதனை வாங்குகிறார். ஆண்டுதோறும் பிரிமியம் செலுத்துகிறார். எண்பது, எண்பத்தைந்து வயதில், உடலோ அறிவோ தளர்ந்தபோது, நாளொன்றுக்கு இத்தனை டாலர் எனக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. எனவே வாங்கும் நாளுக்கும் பயன் கேட்கும் நாளுக்கும் இடையே கால் நூற்றாண்டு கிடக்கிறது. வாங்கியவர் பயன் கேட்கும் நாளில், தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படிக்கும் ஆற்றலையே இழந்திருக்கக்கூடும். விற்ற முகவரோ என்றோ வேறு தொழிலுக்குப் போயிருப்பார். இத்தகைய வாக்குறுதிக்குக் காவலாக அரசு நிற்க வேண்டிய தேவை எளிதில் விளங்கும். அக்காவல் எவ்வாறு அமைந்தது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைக் காண்போம்.

மாநிலத்தின் கையில் உள்ள அதிகாரம்

அமெரிக்காவில் காப்பீட்டுத் தொழிலைக் கண்காணிப்பது நடுவண் அரசன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கண்காணிக்கிறது. 1944இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், காப்பீடு மாநிலங்களுக்கிடையிலான வணிகமே, ஆகவே நடுவண் அரசின் அதிகாரத்துள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் மக்காரன் – பெர்குசன் சட்டத்தை இயற்றி, ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாநிலங்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. மாநிலந்தோறும் ஒரு காப்பீட்டு ஆணையர் உள்ளார். சில மாநிலங்களில் ஆளுநர் அவரை அமர்த்துகிறார். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சிலவற்றில் மக்களே வாக்களித்துத் தேர்கின்றனர். வாக்குக் கேட்டு வரும் ஆணையர் பிரிமிய உயர்வுக்கு ஒப்புதல் தருவது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

ஐம்பது மாநிலங்களும் ஐம்பது வகைச் சட்டம் செய்தால் குழப்பமன்றோ? அதனைக் குறைப்பதற்காக 1871ஆம் ஆண்டு முதலே ஆணையர்கள் தமக்குள் ஒரு தேசியச் சங்கம் கண்டுள்ளனர். இச்சங்கம் மாதிரிச் சட்டங்களை எழுதி வெளியிடும். அவற்றுக்குத் தாமாக வலிமை இல்லை. ஒரு மாநிலச் சட்டமன்றம் ஏற்று நிறைவேற்றினால்தான் அம்மாநிலத்தில் அவை சட்டமாகும். நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கான மாதிரிச் சட்டம் 1986இல் தோன்றியது. அதன் விரிவான விதிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வளர்ந்தன.

சொற்களுக்குள் இருந்த பொறிகள்

சொல்லுக்குப் பொருள் வரையறுப்பது அகராதிக்காரர் பணி என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இக்காப்பீட்டின் வரலாற்றைப் படிக்கும்போது, ஒரு சொல்லின் வரையறையிலே ஒரு குடும்பத்தின் வீடு நிலைப்பதும் போவதும் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

தொடக்க கால ஒப்பந்தங்கள், பெயருக்கேற்ப, பராமரிப்பு இல்லத்துச் செலவை மட்டுமே தருவன. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் மூன்று நாளேனும் மருத்துவமனையில் இருந்துவிட்டு, அங்கிருந்து இல்லத்துக்குச் செல்ல வேண்டும். பார்ப்பதற்கு இது நேர்மையான நிபந்தனையே. ஆனால் மறதி நோய்க்கு ஆளானவர் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. அடுப்பை அணைக்க மறக்கிறார், வீட்டுக்கு வழி மறக்கிறார், ஒரு நாள் மகளின் பெயரை மறக்கிறார். வீட்டிலிருந்து நேரே இல்லத்திற்குத்தான் போகிறார். மூன்று நாள் மருத்துவமனை வாசம் இல்லையாதலால் பணமும் இல்லை. வேறு சில ஒப்பந்தங்கள் 'மனநோய்க்குப் பயன் இல்லை' என்றன. அல்சைமர் நோய் மூளைத் திசு அழிவதால் வருவதாயினும், அவ்வொரு தொடரின் கீழ் அதனையும் தள்ளிவிட இடம் இருந்தது. பராமரிப்பு இல்லத்தை நாடுவதற்குரிய மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று, பராமரிப்பு இல்லக் காப்பீட்டிற்கு வெளியே நின்றது!

மாதிரிச் சட்டமும் அதன் விதிகளும் இப்பொறிகளை ஒவ்வொன்றாக அகற்றின. மருத்துவமனையில் முன்னரே தங்கியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை விலக்கப்பட்டது. அல்சைமரைக் காரணம் காட்டிப் பயனை மறுத்தலாகாது. வாங்குமுன் இருந்த நோயைக் காட்டிப் பயனைத் தள்ளிவைப்பதானால் 6 மாதத்திற்கு மேல் தள்ளலாகாது. முதுமை எய்தினார் என்றோ உடல்நலம் கெட்டது என்றோ ஒப்பந்தத்தை முறிக்கலாகாது. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்பித் தருதல் வேண்டும். இவையெல்லாம் இன்று இயல்பாகத் தோன்றலாம். ஒவ்வொன்றின் பின்னும் ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

முகவர்கள் கையாண்ட மற்றொரு முறையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். விற்கும்போது உடல்நிலை பற்றி அதிகம் கேட்பதில்லை. பிரிமியத்தைப் பல்லாண்டு பெற்றுக்கொள்வர். பயன் கேட்கும்போது மட்டும் பழைய மருத்துவக் குறிப்புகளைத் துருவி, 'இந்நோயை நீர் மறைத்தீர்' என்று ஒப்பந்தத்தையே செல்லாததாக்குவர். இதற்கும் தடை வந்தது. கேட்க வேண்டியதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் என்றும், 80 வயது கடந்தவருக்கு விற்பதாயின் மருத்துவச் சோதனை, மருத்துவரின் குறிப்பு போன்றவற்றுள் ஒன்றையேனும் முன்னரே பெற்றிருக்க வேண்டும் என்றும் விதிகள் கூறின.

பயன் எப்போது தொடங்கும் என்பதும் ஒரு சொற்சிக்கலே. 'பராமரிப்புத் தேவைப்படும் நிலை' என்றால் என்ன? 1996ஆம் ஆண்டு நடுவண் சட்டம் ஒன்று, வரிச்சலுகை பெறும் ஒப்பந்தங்களுக்கு இதனை வரையறுத்தது. உண்ணல், உடுத்தல், குளித்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், கழிவை அடக்குதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு இடம்பெயர்தல் என்னும் ஆறு அன்றாடச் செயல்களுள் இரண்டையேனும் பிறர் துணையின்றிச் செய்ய முடியாத நிலை குறைந்தது 90 நாள் நீடிக்கும் என மருத்துவத் துறையினர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். அல்லது, கண்காணிப்பு இல்லாமல் விடமுடியாத அளவுக்கு அறிவுத் தளர்ச்சி இருத்தல் வேண்டும். மனித வாழ்வின் தன்னுரிமை முழுவதையும் இந்த ஆறு வினைப்பெயர்களுக்குள் அடக்கிவிட்ட சட்டக்காரர்களைக் கண்டு வியப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. எனினும் வரையறை இல்லாத காலத்தைவிட வரையறை உள்ள காலம் மேலானதே.

இவ்விதிகளுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது தவணை மறத்தல் பற்றியது. இருபதாண்டு தவறாமல் பிரிமியம் கட்டிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். மறதி நோயின் முதல் அறிகுறியாக அவர் மறப்பது எதுவாக இருக்கும்? பிரிமியம் கட்டுவதாகவே இருக்கலாம். எந்த நோய்க்கு அஞ்சிக் காப்பீடு வாங்கினாரோ அந்நோயே காப்பீட்டைக் காலாவதியாக்கிவிடும். இதனை உணர்ந்த விதி, ஒப்பந்தம் வாங்கும்போதே தமக்கு வேண்டிய வேறொருவர் பெயரையும் குறிப்பிட வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. தவணை தவறினால் 30 நாள் பொறுத்து, மகனோ மகளோ அண்டை வீட்டாரோ, குறிப்பிடப்பட்டவருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன்பின் இன்னும் 30 நாள் கழிந்த பிறகே காலாவதி செல்லும். அப்போதும், அறிவுத் தளர்ச்சியால்தான் தவணை தவறியது என்று மெய்ப்பித்தால், 5 மாதத்திற்குள் ஒப்பந்தத்தை உயிர்ப்பித்தல் வேண்டும். சட்டம் என்பது வறண்ட மொழி என்பார்க்கு இவ்விதியைக் காட்டலாம். மனிதரை நன்கறிந்த ஒருவர்தாம் இதனை எழுதியிருக்க முடியும்.

விலைவாசி பற்றிய விதியும் அத்தகையதே. நாளுக்கு 100 டாலர் என்று இன்று வாங்கிய உறுதி இருபதாண்டு கழித்து எத்துணைப் பயன்படும்? எனவே ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டுவீதத்தில் பயன்தொகை வளரும் ஒப்பந்தத்தை நிறுவனம் முன்வைத்தே ஆகவேண்டும். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று கையெழுத்திட்டுத் தருதல் வேண்டும். அவ்வாறு வளரும் 100 டாலர் 20 ஆண்டில் 265 டாலராகும். பிரிமியம் மிகுதி என்பதால் பலர் கையெழுத்திட்டு விலகினர் என்பது வேறு செய்தி.

'மாறாத' என்னும் சொல்

இத்துணையும் சொல்லின் மீது வைத்த காவல். அது பெரிதும் பலித்தது என்றே கூறலாம். இனி விலை.

இவ்வொப்பந்தங்களில் 'புதுப்பித்தல் உறுதி' என்னும் தொடர் காணப்படும். வாங்குவோர் இதனை, 'என் காப்பீடு மாறாது' என்று படித்தனர். அதன் சட்டப் பொருளோ, பிரிமியம் கட்டும் வரை ஒப்பந்தத்தை நிறுவனம் முறிக்காது என்பது மட்டுமே. பிரிமியத்தை உயர்த்த மாட்டோம் என்ற பொருள் அதில் இல்லை. தனி ஒருவருக்கு மட்டும் உயர்த்துவதற்குத்தான் தடை. அவ்வகை ஒப்பந்தம் வாங்கிய எல்லாருக்கும் சேர்த்து, மாநில ஆணையரின் இசைவோடு உயர்த்தலாம். மாதிரி விதிகள் இதனையும் விடவில்லை. விலையை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு அறவே இல்லாதபோதுதான் 'சமநிலைப் பிரிமியம்' என்னும் தொடரைப் பயன்படுத்தலாம் என்று அச்சொல்லுக்கே வேலியிட்டன. ஆயினும் முகவரின் வாய்மொழிக்கு வேலி ஏது? 'இருபதாண்டில் எங்கள் நிறுவனம் ஒருமுறையும் உயர்த்தியதில்லை' என்பது உண்மையாகவும் இருக்கலாம். இருபத்தோராம் ஆண்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உயர்வு வந்தது. 20, 40 விழுக்காடு என்று தொடங்கி, சில ஒப்பந்தங்களில் பல தவணைகளில் இருமடங்கையும் கடந்தது. காரணம் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாமும் முதலில் அவ்வாறே நினைக்கத் தோன்றும். ஆனால் அது முழு விடையன்று. கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பு 1995இல் தொடங்கிய திட்டம் இலாபம் கருதாதது, பங்குதாரர் இல்லாதது. அதுவும் 2012இல், ஒரு பிரிவினருக்கு 85 விழுக்காடு உயர்வை அறிவிக்க நேர்ந்தது.

உண்மைக் காரணம் கணிப்பில் இருந்தது. காப்பீடு வாங்குவோருள் ஒரு பகுதியினர் இடையில் நிறுத்திவிடுவர். கட்டிய பணம் நிறுவனத்தில் தங்கும். பயன் கேட்க அவர் வரமாட்டார். ஆயுள் காப்பீட்டில் இவ்வழக்கம் மிகுதி. அதை வைத்துச் சில நிறுவனங்கள், நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீட்டிலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டினர் நிறுத்திவிடுவர் என்று கொண்டு விலை வகுத்தன. நடந்தது வேறு. நிறுத்தியவர் ஆண்டுக்கு 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தனர். வேற்றுமை சிறிதெனத் தோன்றலாம். இறப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 பேர் வாங்குகின்றனர். ஆண்டுக்கு 5 விழுக்காட்டினர் விலகினால் 20 ஆண்டு கழித்து எஞ்சுவோர் 358 பேர். 1 விழுக்காட்டினர் விலகினால் எஞ்சுவோர் 818 பேர். 358 பேருக்கு இலை போட்டுவிட்டுப் பந்தியில் 818 பேர் அமர்ந்த கதைதான்.

முதுமையை அஞ்சி வாங்கியவர்கள் அதனைக் கைவிடவில்லை. உணவுச் செலவைக் குறைத்தும் தவணையைக் கட்டினர். அவர்களுடைய நாணயமே நிறுவனத்திற்கு நட்டமாயிற்று. வாடிக்கையாளர் வாக்குத் தவறுவர் என்ற எதிர்பார்ப்பின் மீது நிறுவனத்தின் வாக்கு கட்டப்பட்டிருந்தது. இத்தொழிலின் குறை எதுவென்று கேட்டால் நாம் இதனையே சுட்டுவோம்.

இதனோடு வட்டியும் சேர்ந்துகொண்டது. முன்னாளிற் பெற்ற பிரிமியத்தை முதலீடு செய்து வரும் வட்டியால்தான் பின்னாட் பயன் தரப்படும். பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம் 1990இல் 8 விழுக்காட்டளவில் வட்டி தந்தது. 2020இல் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மக்களும் எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர். மறதி நோயாளர் பராமரிப்பில் இருந்த ஆண்டுகளும் கூடின. ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெருநிறுவனமே, என்றோ ஏற்ற இத்தகைய காப்பீட்டுப் பொறுப்புகளுக்காக ஏழாண்டில் 1,500 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று 2018 ஜனவரியில் அறிவித்தது. 2010இல் மெட்லைஃப் புதிய விற்பனையை நிறுத்திக்கொண்டது. வேறு பலரும் நிறுத்தினர். ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் விற்ற சரக்கை இன்று ஏறத்தாழ ஒரு டஜன் நிறுவனங்களே விற்கின்றன.

ஆணையர்கள் விழித்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில். அதற்கு முன்பிருந்த விதி, பெறும் பிரிமியத்தில் 60 விழுக்காடேனும் பயனாகத் திரும்பித் தரப்பட வேண்டும் என்றது. விலை மிகுதியாகிவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். ஆனால் நோய் மறுபக்கத்தில் இருந்தது. விலை மிகக் குறைவாக வைக்கப்பட்டு, ஆளைச் சேர்த்தபின் உயர்த்தப்பட்டது. ஆகவே திருத்திய மாதிரி விதி, ஓரளவு பாதகமான நிலையிலும் இவ்விலை போதும் என்று கணிப்பாளர் முதலிலேயே சான்றளிக்க வேண்டும் என்றது. பின்னர் உயர்த்தினால், உயர்த்திய பகுதியில் 85 விழுக்காடு பயனுக்கே போக வேண்டும். கடந்த பத்தாண்டில் செய்த உயர்வுகளை வாங்குவோரிடம் விற்குமுன் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். மேலும், உயர்வு ஓர் எல்லையைக் கடந்து, அதனைத் தாங்காமல் ஒருவர் நிறுத்திவிட்டால், அவர் அதுவரை கட்டிய தொகையளவுக்கேனும் பயன் நிலைக்க வேண்டும். அவ்வெல்லை வயதைப் பொறுத்தது. 65 வயதில் வாங்கியவருக்கு 50 விழுக்காடு உயர்வு. 80 வயதில் வாங்கியவருக்கு 20 விழுக்காடு. நல்ல விதிதான். ஆனால் மாநிலம் அதனை ஏற்ற நாளுக்குப் பின் விற்ற ஒப்பந்தங்களையே விலை பற்றிய பகுதி கட்டும். மிகவும் பிழைபட்ட விலையில் விற்கப்பட்டவை அதற்கு முந்தியவை.

இருபுறமும் இடி

மாநில ஆணையரின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது: 60 விழுக்காடு உயர்வு வேண்டும். ஒப்பினால், எண்பது வயது மூதாட்டி தம் ஓய்வூதியத்தில் அதனைக் கட்ட இயலாமல், பயன் கிட்டும் தறுவாயில் கைவிடுவார். மறுத்தால், நிறுவனத்தின் கையிருப்புக் கரையும். நாளை எவருக்குமே கொடுக்க ஒன்றும் இராது. வாக்கைக் காப்பதற்காக விலையை மறுத்து, விலையை மறுத்ததாலேயே வாக்கை இழக்கும் நிலை இது.

பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பென் டிரீட்டி என்னும் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. பிறர் ஏற்கத் தயங்கிய உடல்நிலையினருக்கும் அந்நிறுவனம் விற்றது, விலையோ போதாதது. பல மாநிலங்களில் வேண்டிய உயர்வுக்கு ஒப்புதல் கிட்டவில்லை. 2009 ஜனவரியில் மாநில ஆணையர் அதனைத் தம் பொறுப்பில் எடுத்தார். அவ்வாண்டே கலைத்துவிட நீதிமன்றத்தை அணுகினார். 2012இல் நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. சீரமைக்க முயன்று, முடியாமற்போய், இறுதியில் 2017 மார்ச் 1 அன்று கலைப்பு ஆணை பிறந்தது. அப்போது அதனை நம்பியிருந்தோர் ஏறத்தாழ 76,000 பேர்.

அவர்கள் முற்றிலும் கைவிடப்படவில்லை. நிறுவனம் வீழ்ந்தால் துணை நிற்க மாநிலந்தோறும் உத்தரவாத அமைப்பு ஒன்று உள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு 3 இலட்சம் டாலர் வரை அது ஏற்கும். அதற்கான பணத்தைப் பிற காப்பீட்டு நிறுவனங்களிடம் பங்கிட்டு வாங்குவர். பழைய முறைப்படி அச்சுமை பெரிதும் உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்கள் மேல் விழுந்தது. இத்தகைய காப்பீட்டை என்றும் விற்றிராத நிறுவனங்களும் கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஆணையர் சங்கம் மாதிரிச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் காப்பீட்டாரும் சரிபாதி ஏற்கச் செய்தது. வேடிக்கை ஒன்றுண்டு: இப்பாதுகாப்பைச் சொல்லிக்காட்டி ஒப்பந்தம் விற்பதை மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. அதை நம்பி எவரும் நலிந்த நிறுவனத்தில் வாங்கிவிடலாகாது என்பது காரணம். ஆகவே தமக்கு இப்படியொரு காவல் உண்டு என்பதையே அறியாமல் பலர் பிரிமியம் கட்டிவருகின்றனர்.

இன்னொரு சிக்கல் மாநிலங்களுக்கிடையே எழுந்தது. ஒரே ஒப்பந்தத்தை ஒரே வயதில் வாங்கிய இருவர், ஒருவர் உயர்வை ஏற்ற மாநிலத்திலும் மற்றவர் மறுத்த மாநிலத்திலும் வாழ்ந்தால், முன்னவர் பன்மடங்கு கட்டுகிறார். பின்னவர் பழைய விலையே கட்டுகிறார். நிறுவனத்தின் பெட்டியோ ஒன்றே. பென்சில்வேனியாவின் சீனியர் ஹெல்த் என்னும் மற்றொரு நிறுவனம் 2020இல் சீரமைப்பின் கீழ் வந்தபோது இவ்வேறுபாடு வெளிப்படையாக மோதலாயிற்று. கூடுதலாகக் கட்டுங்கள், அல்லது பயனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தக்காரரைத் தெரிந்தெடுக்கச் சொன்ன திட்டத்தை 2021இல் பென்சில்வேனிய நீதிமன்றம் ஏற்றது. தம் மாநிலத்தாருக்கான விலையைப் பிறிதொரு மாநில நீதிமன்றம் வகுப்பதா என்று மெயின், மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநில ஆணையர்கள் எதிர்த்தனர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு; பிற மாநிலத்தார் கூடுதலாகக் கட்டி இவர்களைத் தாங்குவதா என்னும் எதிர்க்கேள்வியிலும் நியாயம் உண்டு. அவ்வாண்டின் இறுதியில் ஆணையர் சங்கம், உயர்வு விண்ணப்பங்களைப் பல மாநிலங்களும் ஒருங்கே ஆராயும் முறை ஒன்றை ஏற்றது. எனினும் அதன் பரிந்துரையை ஏற்பதும் விடுப்பதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பமே.

பொதுத் திட்டங்கள்

தனியார் காப்பீட்டையும் மெடிகெய்ட்டையும் இணைக்கும் கூட்டுத்திட்டம் ஒன்றைக் கலிபோர்னியா, கனெக்டிகட், இந்தியானா, நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்கள் 1990களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பல மாநிலங்கள் பின்பற்றும் வடிவத்தில், காப்பீடு தந்த ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் சொத்தை மெடிகெய்ட் கணக்கிலிருந்து விலக்கிக் காத்துக்கொள்ளலாம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிற மாநிலங்களுக்கு அடைபட்ட இவ்வழி, 2006இல் கையெழுத்தான சட்டத்தால் மீண்டும் திறந்தது. நடுவண் அரசே நடத்தவிருந்த கிளாஸ் என்னும் தன்விருப்பத் திட்டம் 2010இல் சட்டமாகி, நடைமுறைக்கு வராமலே 2013 ஜனவரியில் நீக்கப்பட்டது. விரும்பியோர் மட்டும் சேரலாம் என்றால் நோயை எதிர்பார்ப்போரே சேர்வர், கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்னும் பழைய கணக்கு அங்கும் குறுக்கே நின்றது.

வாஷிங்டன் மாநிலம் அக்கணக்கை நேரடியாக எதிர்கொண்டது. 2019இல் இயற்றிய சட்டத்தின்படி, உழைப்போர் ஊதியத்தில் 0.58 விழுக்காடு 2023 ஜூலை முதல் பிடிக்கப்படுகிறது. பயன் வழங்கும் நாளாக 2026 ஜூலை குறிக்கப்பட்டது. வாழ்நாளில் ஒருவர்க்குரிய உச்ச அளவு 36,500 டாலர். விலைவாசிக்கேற்ப அது உயரலாம். பராமரிப்பு இல்லத்தில் சில மாதம் தங்குவதற்கே அது போதும். ஆயினும் வீட்டிலிருந்தபடி துணையாள் வைத்துக்கொள்வோருக்கும், வேலையை விட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு ஊதியம் தரவும் அத்தொகை நெடுநாள் வரும். 2021 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் தனியார் ஒப்பந்தம் வைத்திருந்தோர் இத்திட்டத்திலிருந்து விலக விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இடம் தந்தது. அவ்வாண்டு அம்மாநிலத்தில், அதுவரை வாங்குவாரின்றிக் கிடந்த தனியார் நெடுங்காலப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்குத் திடீரென்று பெருங்கிராக்கி உண்டாயிற்று. வாங்கியவருட் பலர் விலக்குப் பெறுவதற்காகவே வாங்கியோர். 2024 நவம்பரில், இத்திட்டத்தில் சேர்வதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. வேண்டாம், அனைவருக்கும் கட்டாயமாகவே இருக்கட்டும் என்று பெரும்பான்மையினர் விடையளித்தனர்.